பழைய வீடுகளில் வெப்பத் தடுப்பு: ஓதமும் பூஞ்சையும் பெருகாமல் காத்தல்

சுருக்கம்

• கூரைக் கசிவையும் சுவர் ஈரத்தையும் சரிசெய்த பின்னரே வெப்பத் தடுப்புப் பணியைத் தொடங்க வேண்டும்.
• வெப்பத்தைக் கூரையின் வெளிப்புறத்திலேயே தடுப்பது பாதுகாப்பானது. அறையின் உட்புறத்தை நெகிழித் தாளாலும் பலகையாலும் மூடுவது ஈரத்தைச் சிறைப்படுத்தும்.
• ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆகியவை உள்ளோர் பூஞ்சை படிந்த அறையில் உறங்கக் கூடாது.

இது யாருக்குத் தேவை?

மணப்பாறை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் ஆகிய ஊர்களில் கோடைக்காலப் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடக்கும் நாட்கள் உண்டு. முதியோர், இதய நோயாளிகள், சிறுநீரக நோயாளிகள், படுக்கையில் இருப்போர் ஆகியோருக்கு இவ்வெப்பம் ஆபத்தானது. எனவே வீட்டைக் குளிர்ச்சியாக வைத்தல் இவர்களது பராமரிப்பின் ஒரு பகுதியாகும்.

ஆனால் கோடைக்காக அவசரமாகச் செய்யப்படும் சில மாற்றங்கள், ஐப்பசி, கார்த்திகை மழையின்போது சுவரில் ஈரத்தையும் பூஞ்சையையும் பெருக்கிவிடுகின்றன. அப்போது மூச்சு நோயாளிகள் துன்புறுகின்றனர். இரண்டையும் ஒருசேரத் தவிர்க்கும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

பழைய வீட்டின் இயல்பு

சிமெண்டு பரவலாகப் புழக்கத்திற்கு வருமுன் கட்டப்பட்ட வீடுகளில் செங்கல் அல்லது மண் சுவரும், சுண்ணாம்புக் காரைப் பூச்சும், நாட்டு ஓடு வேய்ந்த கூரையோ மெட்ராஸ் ஒட்டுக் கூரையோ காணப்படும். மெட்ராஸ் ஒட்டில் மர உத்திரங்களின் மேல் சிறு செங்கற்கள் அடுக்கப்பட்டு, அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை இடப்பட்டு, தட்டோடு பதிக்கப்பட்டிருக்கும்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி, வெயிலிலும் காற்றிலும் அதனை வெளியேற்றும் தன்மை உடையது. முற்றமும், கூரையை ஒட்டிய காற்றுத் துளைகளும் இதற்கு உதவுகின்றன. சிமெண்டுப் பூச்சு, எண்ணெய் வண்ணம், சுவர் ஓடு ஆகியவற்றால் இச்சுவரை மூடினால் ஈரம் வெளியேற இயலாது. அது சுவருக்குள் மேலேறி, பூச்சு உப்பிப் பெயரும். வெண்ணிற உப்பும் பூக்கும்.

ஈரமும் உடல்நலமும்

உலகச் சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட உட்புறக் காற்றுத் தர வழிகாட்டுதல், வீட்டு ஈரமும் பூஞ்சையும் மூச்சுக் கோளாறுகள், ஒவ்வாமை, ஆஸ்துமா ஆகியவற்றோடு தொடர்புடையவை எனக் குறிப்பிடுகிறது. பூஞ்சை இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று அது எந்த அளவையும் வரையறுக்கவில்லை. நீடித்த ஈரத்தையே தவிர்க்குமாறு அறிவுறுத்துகிறது. ஈரமான அறையில் படுக்கைத் தூசிப் பூச்சிகளும் பெருகும்.

சில ஆஸ்துமா நோயாளிகளுக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சையால் நுரையீரலில் கடும் ஒவ்வாமை ஏற்படலாம். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டோர், நீரிழிவு கட்டுப்படாதோர் ஆகியோருக்குப் பூஞ்சைத் தொற்று ஏற்படும் அபாயம் பிறரைவிட அதிகம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

1. கூரைக் கசிவு: மழைக்குப் பின் உட்கூரையில் வட்டமான கறை தோன்றும். உடைந்த ஓடு, தட்டோட்டு விரிசல், அடைபட்ட மழைநீர்க் குழாய் ஆகியவை காரணங்கள்.
2. நில ஓதம்: தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். சுவரின் அடிப்பகுதியில் கோடுபோலத் தெரியும்.
3. நீர் படிதல்: ஈரக்காற்று குளிர்ந்த பரப்பைத் தொடும்போது நீர்த்துளியாக மாறுவது. காற்றின் வெப்பம் 28 டிகிரியும் ஈரப்பதம் 80 விழுக்காடும் இருந்தால், ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும்.

எளிய சோதனை: ஓர் அடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் மூடி, இரண்டு நாட்கள் விடவும். தாளின் வெளிப்பக்கத்தில், அதாவது அறையை நோக்கிய பக்கத்தில், நீர் இருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். சுவரை நோக்கிய பக்கத்தில் இருந்தால் அது சுவரிலிருந்து வரும் ஈரம். முதலாவதற்குக் காற்றோட்டம் தீர்வு. இரண்டாவதற்குக் கொத்தனாரின் பணி தேவை.

செய்யத்தக்கவை

• மொட்டை மாடியின் விரிசல்களைச் சுண்ணாம்புக் காரையால் அடைத்து, தளம் நன்கு உலர்ந்த பின் வெண்சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெண்பூச்சோ அடிக்கலாம். சுண்ணாம்புப் பூச்சு மழையில் கரைவதால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.
• மாடியின் மேல் கீற்றுப் பந்தலோ நிழல் வலையோ அமைக்கலாம். பந்தலுக்கும் தளத்திற்கும் இடையே காற்று செல்ல வேண்டும். மழைக்கு முன் கீற்றை அகற்றிவிட வேண்டும்.
• ஓட்டுக் கூரையின் கீழ் மூங்கில் பாய் உட்கூரை அமைத்தால், ஓட்டுக்கும் பாய்க்கும் இடையிலுள்ள வெப்பக்காற்று வெளியேற வழி விட வேண்டும்.
• மேற்குச் சுவருக்கும் சன்னலுக்கும் வெளிப்புறத்தில் தட்டி, சாய்ப்பு அல்லது கொடிப்பந்தல் அமைத்து நிழல் தரலாம்.
• காற்றுத் துளைகளைத் துணியால் அடைக்காமல் கொசுவலை பொருத்தலாம்.
• கட்டில், பீரோ ஆகியவற்றைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

• கசியும் கூரையின் கீழ் தெர்மாகோல் அல்லது ஜிப்சம் பலகை பொருத்துதல். கசிவு கண்ணுக்கு மறைந்து, உத்திரம் உளுத்துப்போகும்.
• மாடியில் நாள்தோறும் நீர் ஊற்றுதல், ஈரச்சாக்கு பரப்புதல். விரிசல் வழியே நீர் இறங்கும்.
• ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைத் துளையிடுதல், உடைத்தல், தேய்த்தல். அதன் நார்த்தூசி புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.
• சுவரின் உட்புறத்தில் நெகிழித் தாள் பொருத்துதல். குளிர்நாடுகளில் வீட்டின் உள்ளிருக்கும் வெம்மையான ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் படியாமல் தடுக்க இம்முறை பின்பற்றப்படுகிறது. நம் ஊரில் குளிரூட்டி இயங்கும் அறைக்கு ஈரம் வெளியிலிருந்து உள்நோக்கி வருவதால், தாளின் பின்னால் நீர் படிந்து பூஞ்சை வளரும்.

குளிரூட்டியும் ஏர்கூலரும்

குளிரூட்டியை 24 முதல் 26 டிகிரி வரை வைத்து, மின்விசிறியையும் மெதுவாக இயக்கலாம். மிகக் குறைந்த வெப்பநிலையில் வைத்தால் அடுத்த அறைச் சுவரிலும் நீர் படியக்கூடும். வடிகட்டியைத் தூய்மைப்படுத்தி, நீர் வெளியேறும் குழாய் சுவரை நனைக்காதவாறு அமைக்க வேண்டும்.

ஏர்கூலரும் வெட்டிவேர்த் தட்டியும் காற்றில் ஈரத்தைச் சேர்ப்பவை. பங்குனி, சித்திரையின் வறண்ட வெயிலில் சன்னலைத் திறந்துவைத்துப் பயன்படுத்தலாம். மழைக்காலத்தில் பயன்படுத்தக் கூடாது. தொட்டி நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால் வாரம் ஒருமுறையேனும் நீரை வடித்துத் தேய்த்துக் கழுவி உலர்த்த வேண்டும்.

சமையலறையும் வீட்டுத் தொழிலும்

மணப்பாறையில் பல குடும்பங்கள் வீட்டிலேயே முறுக்குச் சுடுகின்றன. அடுப்புப் புகையும் எண்ணெய் ஆவியும் வெளியேற வழியின்றி வீட்டை மூடினால் நுரையீரல் நோய் கடுமையாகும். அடுப்படியில் புகைபோக்கியோ காற்று வெளியேற்றும் விசிறியோ இருக்க வேண்டும். நோயாளியின் படுக்கை அவ்விடத்திலிருந்து தள்ளியிருக்க வேண்டும். ஈரத்துணிகளை அவரது அறையில் உலர்த்தக் கூடாது.

பூஞ்சையை அகற்றுதல்

நனைந்த துணி, மெத்தை, பாய் ஆகியவற்றை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்திவிட்டால் பூஞ்சை பிடிப்பதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். சிறிய பரப்பில் படிந்த பூஞ்சையைச் சோப்பு நீரால் துடைத்து, இடத்தை முற்றிலும் உலரவிட வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் நுண்துகள்கள் காற்றில் பரவும்.

இப்பணியை நோயாளி செய்யக் கூடாது. செய்பவர் என்-95 முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். பிளீச்சிங் பவுடரைக் கழிவறை கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சுவாயு உண்டாகும். ஈரத்தின் மூலத்தை நீக்காமல் மேலே வண்ணம் பூசினால் பூஞ்சை மீண்டும் தோன்றும்.

பணிகளுக்கு உரிய காலம்

• தை, மாசி: மழை ஈரம் வடிந்த பின் கூரை, சுவர்ப் பழுதுகளைச் சரிசெய்தல்.
• பங்குனித் தொடக்கம்: வெண்பூச்சு, பந்தல், தட்டி ஆகியவற்றை அமைத்தல்.
• ஆவணி, புரட்டாசி: மழைநீர்க் குழாய், ஓடு, மாடி வாட்டம் ஆகியவற்றைச் சரிபார்த்தல்.
• மழைக்காலம்: மழை ஓய்ந்த நேரங்களில் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தருதல்.

பூச்சு வேலையின் தூசியும் வண்ணத்தின் மணமும் ஆஸ்துமாவைத் தூண்டும். வேலை முடிந்து மணம் அடங்கும் வரை நோயாளியை வேறு அறையிலோ உறவினர் வீட்டிலோ தங்கவைப்பது நல்லது. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய இயலாத குடும்பங்கள், நோயாளி உறங்கும் அறையின் கூரையை முதலில் சரிசெய்யலாம்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

• மழைக்காலத்திலோ குறிப்பிட்ட அறையில் இருக்கும்போதோ இருமலும் இளைப்பும் கூடினால்
• இன்ஹேலரை வழக்கத்தைவிட அடிக்கடி பயன்படுத்த நேர்ந்தால்
• இரவில் மூச்சுத்திணறலால் விழிப்பு ஏற்பட்டால்

வீட்டில் ஈரமும் பூஞ்சையும் இருப்பதை மருத்துவரிடமும், வீட்டிற்கு வரும் சுகாதாரப் பணியாளரிடமும் தெரிவிக்க வேண்டும். வீட்டைச் சரிசெய்தோம் என்பதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது.

ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாத மூச்சுத்திணறல், உதடு நீலம் பாய்தல், கடும் வெயிலில் குழப்பம், மயக்கம், உடல் கொதித்தல் ஆகியவை அவசரநிலை அறிகுறிகள். உடனே 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். வெப்பத்தால் மயங்கியவரை நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிற வேண்டும்; நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம்.