ரெண்டு பெண்கள், ஒரு பலகை

1965-ம் வருடம், கிறிஸ்துமஸ் தினம். அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையில் மஸ்கீகன் என்று ஓர் ஊர். அங்கே ஷெர்மன் பாப்பன் என்கிற இன்ஜினீயர் வீட்டில் ஒரே ரகளை! பள்ளிக்கூடம் லீவு. இரண்டு பெண் குழந்தைகளும் வீட்டுக்குள்ளேயே குதித்துக்கொண்டிருக்கின்றன. மனைவி நான்ஸியோ கர்ப்பிணி. இதுகளைக் கொஞ்சம் வெளியே கூட்டிக்கொண்டு போனால் தேவலை என்பது அவருடைய நியாயமான கோரிக்கை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு மணல்மேடு. டிசம்பரில் அது பனிமேடாகிவிடும். பாப்பன் கண்ணுக்கு அது உறைந்துபோன கடலலை மாதிரி தெரிந்தது. கடலில் பலகைமேல் நின்று அலையில் சறுக்குகிறார்களே, ஸர்ஃபிங்... அதையே பனியில் செய்தால்? குழந்தைகளுக்கான ஸ்கீ கட்டைகள் இரண்டை எடுத்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறுக்கே சட்டம் அடித்து ஒன்றாக்கினார். அவ்வளவுதான்! பெண்கள் அதன்மேல் பக்கவாட்டில் நின்றபடி சர்ரென்று இறங்கினார்கள். அக்கம்பக்கத்து வாண்டுகள் சும்மா இருக்குமா? எனக்கும் ஒண்ணு வேணும் என்று வந்து நின்றுவிட்டன.

நான்ஸி அதற்குப் பெயர் வைத்தார் - 'ஸ்னர்ஃபர்'. பனியைக் குறிக்கும் 'ஸ்னோ'வையும் 'ஸர்ஃப்'பையும் சேர்த்துப் பிசைந்த பெயர். மறு வருடமே பிரன்ஸ்விக் என்கிற பெரிய கம்பெனி உரிமம் வாங்கித் தயாரிக்க ஆரம்பித்தது. பொம்மைக்கடை விலை. லட்சக்கணக்கில் விற்றது. காலைப் பலகையோடு கட்டிக்கொள்ள எதுவும் கிடையாது. பிடித்துக்கொள்ள மூக்கில் ஒரு கயிறு, அதோடு சரி. விழுந்தால் விழவேண்டியதுதான், பனிதானே!

பாப்பன் ஒருத்தர்தான் கண்டுபிடித்தார் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. 1963-லேயே நியூஜெர்ஸியில் டாம் ஸிம்ஸ் என்கிற பையன் பள்ளிக்கூடத் தச்சு வகுப்பில் இப்படியொரு பலகை செய்திருக்கிறான். அதுவும் ஒரு சின்னப் பையனின் வேலைதான் என்பதைக் கவனியுங்கள்.

குழந்தைகளுக்கு இதில் அப்படியென்ன மோகம்? ஸ்கீயிங் என்றால் இரண்டு கட்டை, இரண்டு கோல், காலைக் கவ்வும் கெட்டி பிளாஸ்டிக் பூட்ஸ். ஒரு கால் கிழக்கே போனால் இன்னொன்று மேற்கே போகும். பலகையில் அந்த வம்பு கிடையாது. முதல் இரண்டு நாள் பின்பக்கம் பழுத்துவிடும் என்பது வாஸ்தவம். அதன்பிறகு பிடிபட்டுவிடும். ஆனால், உண்மையான காரணம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்கீயிங்கில் முட்டியை மடக்கு, தோளை இறக்கு என்று திருத்த ஒரு வாத்தியார் இருந்தார். இந்தப் பலகையைப் பற்றி எந்தப் பெரியவருக்கும் ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு வயசுப் பையன்தான் இதில் எக்ஸ்பர்ட்! இந்த சுகம் வேறெந்த விளையாட்டில் கிடைக்கும்?

ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் கையில் ஸ்னர்ஃபர் கிடைத்தபோது அவருக்கு வயது 14. விடவே மனசில்லை. 1977-ல் வெர்மான்ட் மாநிலத்தில் சொந்தமாகப் பலகை செய்து விற்க ஆரம்பித்தார். 1979-ல் மிச்சிகனில் ஸ்னர்ஃபர் போட்டி நடந்தபோது, காலைக் கட்டிக்கொள்ளும் வாரோடு தன் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றார். இது ஸ்னர்ஃபரே இல்லை என்று ஆட்சேபம் கிளம்பியது. கடைசியில் அவருக்காகத் தனிப் பிரிவு ஏற்படுத்தினார்கள். ஜெயித்தார். (அந்தப் பிரிவில் வேறு ஆளே இல்லை!)

நிஜமான சண்டை அதற்குப் பிறகுதான். மலையில் ஸ்கீ ரிசார்ட் நடத்துகிறவர்கள் பலகைக்காரர்களை உள்ளேயே விடவில்லை. 1985-ல் அமெரிக்காவில் சுமார் 600 ரிசார்ட்டுகளில் 40 கூட இவர்களை அனுமதிக்கவில்லை. கேட்டால் இன்ஷூரன்ஸ் பிரச்னை, விபத்து என்று காரணம் சொன்னார்கள். அசல் காரணம், வந்த பிள்ளைகளின் தொளதொள டிரஸ்ஸும் தோரணையும்தான் என்றால் தப்பில்லை. வசதியான குடும்பங்கள் காசு கொடுத்து வருகிற இடத்தில் இந்த வானரங்களா? பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. லிஃப்ட் இல்லாவிட்டால் என்ன? பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே மலையேறினார்கள். ஸ்ட்ராட்டன் போல முதலில் கதவு திறந்த ஓரிரு இடங்களிலும் பரீட்சை வைத்து, பாஸானால்தான் லிஃப்டில் ஏற்றினார்கள்.

பிறகு எப்படி மனசு மாறியது? பணம்தான். ஸ்கீயிங்குக்கு வந்துகொண்டிருந்த தலைமுறைக்கு முட்டி வலி ஆரம்பித்தது. புதுக் கூட்டம் வரவில்லை. பிள்ளை பலகைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், பலகையை விடுகிற ரிசார்ட்டுக்குத்தான் மொத்தக் குடும்பமும் போகும். நான்கு டிக்கெட், நான்கு சாப்பாடு! இந்தக் கணக்கு புரிந்ததும் கதவுகள் படபடவென்று திறந்தன. 1998-ல் ஜப்பானின் நாகானோவில் ஒலிம்பிக்ஸுக்கே போய்விட்டது ஸ்னோபோர்டிங். அங்கேயும் விவகாரம். முதல் தங்கம் வென்ற கனடாக்காரர் ராஸ் ரெபக்லியாட்டியின் உடம்பில் கஞ்சா இருந்தது என்று மெடலைப் பறித்தார்கள். தடைப் பட்டியலில் கஞ்சாவே இல்லை என்று தெரிந்து திருப்பிக் கொடுத்தார்கள்.

இன்னொரு இன்ஜினீயர் அப்பாவின் கதையும் உண்டு. கொரியாவிலிருந்து கலிஃபோர்னியாவில் குடியேறியவர். நான்கு வயது மகளுக்கு 25 டாலருக்கு ஒரு பலகை வாங்கிக் கொடுத்தார். மெழுகுவத்தியைத் தேய்த்து வழவழப்பாக்கினார். பிற்பாடு வேலையையே விட்டுவிட்டார். மகளை காரின் பின்சீட்டில் தூங்கவைத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக, ஐந்தாறு மணி நேரம் மலைக்கு ஓட்டுவார். அந்த மகள் க்ளோயி கிம், 2014 ஒலிம்பிக்ஸுக்குப் போதிய வயசாகவில்லை என்பதால் போக முடியவில்லை. 2018-ல் 17 வயதில் தங்கம். 2022-ல் மறுபடி தங்கம்.

வீட்டில் சத்தம் தாங்காமல் பிள்ளைகளை வெளியே விரட்டிய அப்பாவிலிருந்து, வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு மலையேறும் அப்பா வரை வந்துவிட்டோம்! இப்போது மூன்று வயதுக் குழந்தைக்கும் பலகை உண்டு. முனையில் கயிறு கட்டி, பயிற்சியாளர் இழுத்துக்கொண்டு போகிறார். பழைய ஸ்னர்ஃபரில் அந்தக் கயிறு குழந்தையின் கையில் இருந்தது.

பாப்பன் முறைப்படி ஸ்னோபோர்டிங் கற்றுக்கொண்டது 67 வயதில். அவரும் ஜேக் பர்ட்டனும் 2019-ல் சில மாத இடைவெளியில் காலமானார்கள். யூட்டா மாநிலத்தின் ஆல்ட்டா, டியர் வேலி, வெர்மான்ட்டின் மேட் ரிவர் க்ளென் ஆகிய மூன்று ரிசார்ட்டுகளில் இன்றும் பலகைக்குத் தடை. ஆல்ட்டா மலை அரசாங்கத்துக்குச் சொந்தமான காட்டுநிலம். எங்களை எப்படித் தடுக்கலாம் என்று 2014-ல் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். தோற்றார்கள். அப்பீலிலும் தோற்றார்கள்.