கிராணி மேசைக்கு வந்த பென்குயின்



நமது நெகிரி செம்பிலான் தோட்டங்களில் செக்ரோல் புத்தகத்தை அறியாதார் இலர். காலைப் பிரட்டில் மண்டோர் பேர் சொல்லிக் கூப்பிட, அந்தப் புத்தகத்தில் பேர் விழுந்தால்தான் அன்றைய நாள் நமக்கு உண்டு. பின்னாளில் அந்தப் புத்தகம் கணினிக்குள் போயிற்று. போன இடத்தில் நடந்த ஒரு வழக்கைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

கணினியை வாங்கி வைத்தால் மட்டும் அது வேலை செய்யாது. திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி எல்லாவற்றையும் வேலை வாங்க ஒரு தலைமை மென்பொருள் வேண்டும். இயங்குதளம் என்பது அதுதான். ஆள் பிரித்து விடும் மண்டோர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பெரும்பாலான அலுவலகங்களில் அந்த மண்டோர் விண்டோஸ். அதை முறையாக வாங்கக் காசு வேண்டும். காசு கொடுத்தாலும் அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நாம் பார்க்க முடியாது. அதனால் இரவுச் சந்தையில் சில வெள்ளிக்குத் திருட்டு வட்டு வாங்கிப் போட்டவர்கள் நம்மில் உண்டு. மறைப்பானேன்?

1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் கூடிய ஓர் இயங்குதளம் செய்யப் போவதாக அறிவித்தார். அதற்கு ‘குனு’ என்று பெயர். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21-ஆம் வயதில், அதற்குப் பொருந்தும் ‘லினக்ஸ்’ என்ற கருவை எழுதினார். அதன் சின்னம் பென்குயின் பறவை.

பொருள் நல்லதாயிருந்தால் போதுமா? அலுவலகங்கள் ஒப்ப வேண்டாமா? நம் நாட்டில் பிரதமர் துறையின் கீழிருந்த மாம்பு 2004-இல் அரசு அலுவலகங்களுக்கென்று திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டது. தமிழ்நாட்டிலோ, அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராயிருந்த உமாசங்கர், முதலில் தம் சொந்த அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார். பிறகே பள்ளிக் கணினிகளுக்குக் கொண்டுபோனார். பிறருக்குச் சொல்லுமுன் தாம் செய்து பார்த்த அந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். சென்னை சி-டாக் 2007-இல் ‘பாஸ் லினக்ஸ்’ வெளியிட்டது. அதில் தமிழிலேயே வேலை செய்யலாம். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் முடிவெடுத்து, 2013-க்குள் ஏறக்குறைய 15,000 கணினிகளை மாற்றியது. ஆனால் 2017-இல் விண்டோஸுக்கே திரும்புவதென்று அதன் மன்றம் தீர்மானித்தது!

மியூனிக் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, என் கதையும் நினைவுக்கு வந்தது. 2007-இல் நான் ஒரு தோட்ட ஆபீசில் சின்னக் கிராணி. தோட்டத்தின் பேர் வேண்டாம். அக்காலத்தில் ‘உபுண்டு’ என்ற லினக்ஸ் வட்டைக் கேட்டு எழுதினால் இலவசமாகத் தபாலில் அனுப்புவார்கள். எனக்கும் வந்தது. ஸ்டோரில் உரக் கணக்குப் போடும் பழைய கணினியொன்று வைரஸ் பிடித்து முடங்கிக் கிடந்தது. அதில் போட்டேன். இரண்டே நாளில் ஸ்டோர்க்காரர் பழகிவிட்டார். “முன்னைக்கு இது தேவலாம் தம்பி, அடிக்கடி படுத்துக்கிறதில்ல” என்றார்.

எனக்குத் தலை கனத்துவிட்டது. சம்பளக் கணக்குக் கணினியையும் மாற்றலாம் என்று பெரிய கிராணியாரை நச்சரித்தேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “ரிப்பேர் ஆனா யாரு தம்பி வந்து பாக்குறது? ஸ்ரம்பான் கடைக்காரனுக்கு இது தெரியுமா?”

“நான் இருக்கேன் ஐயா” என்றேன்.

“நீ லீவுல போனா?”

பதில் இல்லை. ஆனாலும் விடவில்லை. அரை மனத்தோடு ஒப்புக்கொண்டார். சேமநிதி, சொக்சோ பிடித்தங்களைக் கணக்கிடும் அந்தச் சம்பள மென்பொருள் விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டது. லினக்ஸில் ஒருவாறு திறந்தது. சீட்டு அச்சாகும்போது கட்டங்கள் இடம் மாறின. ஒருவர் பிடித்தம் மற்றவர் வரிசையில் விழுந்தது. அன்று சம்பள நாள். பால்மரம் வெட்டிவிட்டு வந்தவர்கள் ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்றார்கள். அவர்களில் என் அம்மாவும் ஒருவர். பெரிய கிராணியார் என்னைத் திட்டவில்லை. பழைய செக்ரோலை எடுத்து, கையாலேயே கூட்டி, மாலை ஆறரைக்குள் சீட்டெழுதி முடித்தார். நான் பக்கத்தில் நின்று கோடு போட்டுக் கொடுத்தேன்.

மறுநாளே விண்டோஸ் திரும்பிவிட்டது. ஆனால் ஸ்டோர்க் கணினியை எவரும் தொடவில்லை. நான் தோட்டத்தை விட்டு வரும்வரை அதில் பென்குயின்தான் உரக் கணக்குப் பார்த்தது. பெரிய கிராணியார் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் கண்டேன். கையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி. அதன் உள்ளே ஓடுவதும் லினக்ஸ் கருதான் என்று சொன்னேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல சம்பளச் சீட்டு ஒழுங்கா வருமா தம்பி?” என்றார்.