உறுதிமொழியும் உத்தரவாதமும்: புடாபெஸ்ட் ஒப்பாவணத்தின் இரு சொற்கள்

பன்னாட்டு ஆவணம் ஒன்று பல மொழிகளில் சமமதிப்புடன் கையெழுத்தாகும்போது, அதன் எல்லா வடிவங்களும் மூலங்களாகவே கொள்ளப்படுகின்றன. எனினும் சொற்களின் பொருளெல்லை மொழிக்கு மொழி வேறுபடும். 1994 டிசம்பர் 5ஆம் நாள் கையெழுத்தான புடாபெஸ்ட் ஒப்பாவணம் இதற்குத் தக்க சான்றாகும்.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, உக்ரைன் மண்ணில் ஏறத்தாழ 1,900 நெடுந்தொலைவு அணு ஆயுத முனைகள் எஞ்சின. அவற்றை ஏவும் அதிகாரமோ மாஸ்கோவிடம் இருந்தது. அவற்றைக் கைவிட்டு, அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்வதற்கு ஈடாகத் தன் பாதுகாப்புக்கு உக்ரைன் பிணை கோரிற்று. ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய மூன்றும் உக்ரைனுடன் ஒப்பாவணத்தில் கையெழுத்திட்டன. 1996 ஜூனுக்குள் அம்முனைகள் அனைத்தும் ரஷ்யாவிடம் சேர்ந்தன.

ஆங்கில வடிவத்தின் தலைப்பு 'அஷூரன்ஸ்' என்னும் சொல்லைக் கொண்டுள்ளது. உறுதிமொழி என்பது அதன் பொருள். ரஷ்ய வடிவத்தில் 'கரான்தியா' என்றும் உக்ரைனிய வடிவத்தில் 'ஹரான்தியா' என்றும் உள்ளது. இவை உத்தரவாதத்தைக் குறிப்பன. அமெரிக்கத் தரப்பு 'காரண்டி' என்னும் சொல்லை அறிந்தே விலக்கிற்று. நேட்டோ நட்பு நாடுகளுக்கு உள்ளது போன்ற படைத்துணைக் கடமையை அச்சொல் உணர்த்தும் என்பதே காரணம். பிற மொழி வடிவங்களையும் ஆங்கிலச் சொல்லின் பொருளிலேயே கொள்ள வேண்டும் என்று பேச்சுவார்த்தையில் தெளிவுபடுத்தப்பட்டதாக, அதில் பங்கேற்ற ஸ்டீவன் பைஃபர் பதிவுசெய்துள்ளார். ஒப்பாவணத்தில் அவ்விளக்கம் இடம்பெறவில்லை.

இதனை மொழிபெயர்ப்புப் பிழை என்று தள்ளிவிட இயலாது. அணு ஆயுதமற்ற நாடுகளுக்கு அளிக்கப்படும் உறுதிமொழிகளை 'கரான்தியா' என்றே வழங்குவது ரஷ்ய ஆயுதக் குறைப்புக் கலைச்சொல் மரபு. ஆயினும் பொதுமக்கள் அச்சொல்லை அன்றாடப் பொருளிலேயே புரிந்துகொண்டனர்.

தலைப்பைக் கடந்து பிரிவுகளை நோக்கின் உண்மை விளங்கும். உக்ரைனின் விடுதலையையும் அன்றிருந்த எல்லைகளையும் மதிப்பதாக முதற்பிரிவு கூறுகிறது. 2014இல் கிரிமியா இணைப்பும் 2022இல் தொடங்கிய முழுப் படையெடுப்பும் எம்மொழி வடிவத்தின்படியும் இதனை மீறியவையே. சொல் வேறுபாடு தொடுவது மற்றவர்களின் உதவிக் கடமையை மட்டுமே. அங்கோ, அணு ஆயுதம் பயன்படும் தாக்குதலெனில் பாதுகாப்பு அவையை நாடுதல், ஐயம் எழுந்தால் கலந்தாலோசித்தல் என்பனவே உள்ளன. அவ்வவையில் ரஷ்யாவுக்குத் தடுப்பதிகாரம் உண்டு. தலைப்பு தந்த நம்பிக்கையைப் பிரிவுகள் தாங்கவில்லை.

தமிழில் இவ்விரு சொற்களையும் 'உத்தரவாதம்' என்றே பெயர்த்தால், முப்பது ஆண்டு வழக்கின் வேர் மறைந்துவிடும். எந்த வடிவத்திலிருந்து பெயர்க்கப்படுகிறதோ அதற்கேற்ற சொல்லை ஆள்வதும், மற்றதைக் குறிப்பில் சுட்டுவதும் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.