வெளிச்சத்தில் ஒரு மறைவிடம்

போர்க்காலப் பயண சர்க்கஸைப் பற்றிய கதைகள் பலவும் அதை உலகத்தின் கண்ணுக்கு எட்டாத மாயத் தீவாகவே காட்டுகின்றன. ஜெர்மனியின் அல்தாஃப் சர்க்கஸின் வரலாறு இதற்கு நேர்மாறானது. இரண்டாம் உலகப் போரின்போதும் அது ஊர் ஊராகச் சென்று காட்சி நடத்தியது. நாஜி அரசு அதை நிறுத்தவில்லை. 1941 கோடையில் டார்ம்ஸ்டாட் அருகே முகாமிட்டபோது, லோர்ச் என்ற யூத சர்க்கஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஐரீன் டானரை சர்க்கஸின் உரிமையாளர் அடால்ஃப் அல்தாஃப் வேறு பெயரில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். பின்னர் ஐரீனின் தாயும் தங்கையும் வந்து சேர்ந்தனர். சோதனைக்கு அதிகாரிகள் வந்தால் அவர்கள் ஒளிந்துகொள்வார்கள். வந்தவர்களை அல்தாஃப் உபசரித்துப் பேச்சில் இழுத்துவைப்பார். ஆக, காப்பாற்றியது இருட்டு அல்ல, அனுமதியோடு எல்லோர் கண்முன்னும் நடந்த தொழில்தான்.

இது ஒரு மனிதரின் துணிச்சல்தானே, தொழிலுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். துணிச்சல் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது என்பது உண்மை. ஆனால் நிலையான முகவரியின்மை, மேடைப் பெயர்கள், பல நாட்டவர் கலந்து வாழும் பழக்கம் ஆகியவை அந்தத் துணிச்சலுக்கு வழி திறந்தன. சுமார் 90 கலைஞர்கள் குடும்பங்களோடு வாழ்ந்த முகாமில் ஒருவர் காட்டிக்கொடுத்திருந்தாலும் எல்லாம் முடிந்திருக்கும். எனவே மற்றவர்களின் மௌனத்துக்கும் இதில் பங்குண்டு. 1995இல் இஸ்ரேலின் யூத இன அழிப்பு நினைவு அமைப்பான யாத் வஷேம் அடால்ஃப், மரியா அல்தாஃப் தம்பதியைக் கௌரவித்தது.