ஒப்புக்கொண்டவர் எல்லாம் குற்றவாளியா?



போன வாரம் பேத்தி கேட்டாள்: "செய்யாத தப்பைச் செய்தேன்னு யாராவது கோர்ட்ல சொல்வாங்களா தாத்தா?" சொல்வார்கள் கண்ணு என்று டூலியா ஊரின் வரலாற்றைச் சொன்னேன். உங்களுக்கும் எழுதுகிறேன்.

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் வடபகுதியில் இருக்கிறது டூலியா. அப்போது சுமார் 5,000 பேர் வாழ்ந்த சிற்றூர். 1999 ஜூலை 23 அன்று விடியற்காலையில் போலீஸார் வீடு வீடாகப் புகுந்து ஆட்களைப் பிடித்தார்கள். கோகெய்ன் விற்றதாக 46 பேர் மீது வழக்கு. அவர்களில் ஏறத்தாழ 40 பேர் கறுப்பினத்தவர். வீடுகளில் போதைப்பொருளோ பணமோ ஆயுதமோ சிக்கவில்லை. சாட்சி ஒரே ஒருவர்: டாம் கோல்மன் என்ற மாறுவேடப் போலீஸ்காரர். ஒலிப்பதிவு இல்லை, உடன் சென்ற அதிகாரியும் இல்லை. குறிப்புகளைத் தன் காலிலேயே எழுதிவைத்ததாகச் சொன்னார்!

முதலில் விசாரணைக்கு வந்தவர் பன்றி வளர்த்துப் பிழைத்தவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். குற்றத்தை மறுத்தார். கிடைத்தது 90 ஆண்டு சிறை. மறுத்த மற்றவர்களுக்கும் கடும் தண்டனைகள் விழுந்தன. இதைப் பார்த்தவர்கள் என்ன செய்வார்கள்? "ஒப்புக்கொண்டால் சில வருடம், மறுத்தால் ஆயுள் முழுக்க" என்று கணக்குப் போட்டார்கள். பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள்.

சிக்கல் இங்கேதான். நீயே ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீட்டுக் கதவு ஏறக்குறைய மூடிவிடுகிறது. "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

கதவைத் திறந்தது மறுத்துச் சிறை சென்றவர்களின் பிடிவாதம். ஜெஃப் பிளாக்பர்ன் என்ற உள்ளூர்ப்பக்க வக்கீலும், இந்திய வம்சாவளி இளம் வக்கீல் வனிதா குப்தாவும், வேறு பலரும் வழக்கைக் கையில் எடுத்தார்கள். நம் ஊரில் காணாமல் போனவருக்காகப் போடும் ஆட்கொணர்வு மனுவை, அங்கே தண்டனை பெற்றவரும் போடலாம். மறுத்த நால்வரின் மனு 2003 மார்ச்சில் டூலியாவிலேயே விசாரணைக்கு வந்தது. கூண்டில் ஏறிய கோல்மனின் சாட்சியம் குறுக்கு விசாரணையில் சிதறியது. அவரை நம்பவே முடியாது என்றார் நீதிபதி ரான் சாப்மன். நால்வருக்கு மட்டுமல்ல, ஒப்புக்கொண்டவர்கள் உட்பட 38 பேரின் தண்டனையையும் ரத்து செய்யப் பரிந்துரைத்தார். எல்லா வழக்குக்கும் வேர் அந்த ஒரே சாட்சிதானே! அந்த ஆகஸ்டில் ஆளுநர் ரிக் பெர்ரி 35 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். 2005-ல் கோல்மன் பொய்ச்சாட்சிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்.

இதை எழுத எனக்கும் ஒரு காரணம் உண்டு. ஒருமுறை வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்தது. "உண்மையைச் சொன்னால் இரண்டு அடி, இல்லாவிட்டால் டி.சி." என்று மிரட்டினேன். ஒரு பையன் எழுந்து "நான்தான் சார்" என்றான். அடித்தேன். உடைத்தவன் வேறொருவன் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று நான் கேட்டது உண்மையை அல்ல, முடிவைத்தான்.

தம்பி, இதைப் படித்தால் ஒரு போன் போடப்பா. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.