விருப்பாச்சி மலைவாழை: முடிக்கொத்து நோயும் மீட்பு முயற்சிகளும்

விருப்பாச்சி மலைவாழை, திண்டுக்கல் மாவட்டத்தின் கீழ்ப்பழனி மலைப்பகுதியில் பயிராகும் வாழை வகையாகும். ஒட்டன்சத்திரம் அருகிலுள்ள விருப்பாச்சி என்னும் ஊரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. 1970களில் சுமார் 18,000 ஹெக்டேரில் பயிரிடப்பட்ட மலைவாழை, முடிக்கொத்து நோயால் சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது. அழிவின் விளிம்பிலிருந்த இப்பயிரை மீட்க ஆய்வு நிறுவனங்களும் தமிழ்நாடு அரசும் மலைவாழை உழவர்களும் மேற்கொண்ட முயற்சியே இக்கட்டுரையின் பொருள்.

பயிரிடும் முறை

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர், ஆடலூர் முதலிய மலையூர்களில் காப்பித் தோட்டங்களின் ஊடே மலைவாழை வளர்க்கப்படுகிறது. வாழை காப்பிச் செடிக்கு நிழல் தரும். உழவருக்கு இடைவருமானமும் தரும். சமவெளி வாழையைப் போல இதற்குப் பாசனம் கிடையாது. மழையை நம்பியே வளர்கிறது. ஒருமுறை நட்ட வாழையின் பக்கக்கன்றுகளையே மறுதாம்பாக விட்டு, பல ஆண்டுகள் தார் வெட்டுவது வழக்கம்.

இதன் பழத்தில் நீர்ப்பதம் குறைவு, மணம் மிகுதி. பழனி முருகன் கோயில் பஞ்சாமிர்தத்திற்கு இப்பழம் சிறப்பாகக் கருதப்படுவதற்கு இதுவே காரணம்.

நோயின் வருகை

முடிக்கொத்து நோய் 1889ஆம் ஆண்டு பிஜித் தீவுகளில் முதலில் பதிவு செய்யப்பட்டது. 1913இல் இலங்கையில் காணப்பட்டது. 1940களில் கேரளத்தில் வேரூன்றி, பின்னர் தமிழகத்திற்கும் பரவியது. நோயுற்ற வாழையின் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் தோன்றும். இளம் பருவத்தில் நோய் தாக்கிய வாழை தார் ஈனுவதில்லை. நோயுற்ற வாழையைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை.

இந்நோய்க்குக் காரணமான நச்சுயிரி இரண்டு வழிகளில் பரவுகிறது. அருகிலுள்ள வாழைகளுக்கு அசுவினிப் பூச்சி கொண்டு செல்கிறது. தொலைவிலுள்ள ஊர்களுக்கு மனிதர்கள் எடுத்துச் செல்லும் கன்றுகளே கொண்டு செல்கின்றன. தாய்வாழையில் நோய் இருந்தால் அதன் பக்கக்கன்றிலும் இருக்கும். ஆனால் கன்றைப் பார்த்தவுடன் தெரியாது. ஒரே தூரைப் பல ஆண்டுகள் பேணும் மலைவாழை முறையும், அண்டை வீட்டாரிடம் கன்று வாங்கி நடும் பழக்கமும் நோய்க்கு வசதியாயின.

ஆஸ்திரேலிய முன்னுதாரணம்

இதே நோய் 1920களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து பகுதிகளின் வாழைத் தோட்டங்களைப் பெரும்பாலும் அழித்தது. தாவர நோயியல் அறிஞர் மேகி, நோயை அசுவினி பரப்புகிறது என்பதை நிறுவி 1927இல் தம் ஆய்வை வெளியிட்டார். அதன் அடிப்படையில் அங்கு சட்டம் இயற்றப்பட்டது. நோயற்ற கன்றுகளை மட்டுமே நடுதல், தோட்டங்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்வையிடுதல், நோயுற்றவற்றைக் கட்டாயமாக அழித்தல் என்பன அதன் கூறுகள். மருந்தே இல்லாத ஒரு நோயைக் கட்டுப்பாட்டால் அடக்க முடியும் என்பதற்கு இது சான்று.

ஆய்வும் அரசின் பங்கும்

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1993இல் திருச்சிராப்பள்ளியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. இம்மையமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மலைவாழை மீட்பில் ஈடுபட்டன. நோயற்ற தாய்வாழைகளைத் தேர்ந்தெடுத்து, நச்சுயிரி உள்ளதா என்று ஆய்வகத்தில் சோதித்து, அவற்றிலிருந்து திசு வளர்ப்பு முறையில் கன்றுகளைப் பெருக்கினர். அரசின் தோட்டக்கலைத் துறை கன்றுகளைப் பரப்புவதில் துணை நின்றது.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. திசு வளர்ப்பு என்பதாலேயே கன்று நோயற்றது ஆகிவிடாது. தாய்வாழையில் நச்சுயிரி இருந்தால், ஆய்வகம் ஆயிரக்கணக்கான நோய்க்கன்றுகளையே உருவாக்கும். ஆகவே சோதனையே இதில் முதன்மையானது. மத்திய உயிரித் தொழில்நுட்பவியல் துறை 2006இல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறையைத் தொடங்கியதும் இதன் பொருட்டே.

புவிசார் குறியீடு

மலைவாழை உழவர் கூட்டமைப்பின் விண்ணப்பத்தின் பேரில், விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் 2008-09ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தம் 2019இல் இக்குறியீட்டைப் பெற்றது. குறியீடு பெயரைக் காக்கும். நோயிலிருந்து பயிரைக் காக்காது.

மீட்பின் எல்லை

நோயற்ற கன்றை நட்ட ஓர் உழவர், பக்கத்துத் தோட்டத்தில் நோயுற்ற பழைய தூர் நிற்கும்வரை பாதுகாப்பாக இல்லை. அசுவினி வேலியைப் பார்ப்பதில்லை. கைவிடப்பட்ட தோட்டங்களில் தானே வளரும் வாழைகளும் நோய்க்கு இருப்பிடமாகின்றன. எனவே ஒரு மலைச்சரிவில் உள்ள அனைவரும் ஒரே காலத்தில் நோயுற்றவற்றைக் கிழங்கோடு அகற்றிய பின்னரே புதுக்கன்று நட வேண்டும். விளைச்சல் தந்துகொண்டிருக்கும் தோட்டத்தில் நோய்க்குறி கண்டவற்றை வெட்டிப்போட உழவருக்கு மனம் வருவது எளிதன்று. கன்றுக்கு மானியம் தருவதைப் போலவே, அகற்றும் பணிக்கும் தொடர்ந்த கண்காணிப்பிற்கும் அரசின் துணை தேவைப்படுவது இதனால்தான்.

பிற மலைகள்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் சாமையுடன் பலா, சீத்தா, புளி ஆகியவற்றையும் வளர்த்துப் பயன்பெறுகின்றனர். அங்கும் ஒரு பழப்பயிரைத் தொழிலாக வளர்க்க முற்படுவோர்க்கு விருப்பாச்சியின் வரலாறு வழிகாட்டும்: சோதித்த நடவுப்பொருள் முதலில், உழவர் கூட்டமைப்பு அடுத்து, பெயருக்கான குறியீடு அதன் பின்னர்.