அடைப்புக்குறிக்குள் போன விவசாய நிலம்

முஸ்லிம் தனிநபர் சட்டம் என்றாலே பலருக்கும் முத்தலாக் மட்டும்தான் ஞாபகம் வரும். 1985இல் ஷா பானு வழக்கு, 2017இல் ஷாயரா பானு வழக்கு, 2019இல் வந்த சட்டம் என்று டிவி விவாதங்கள் எல்லாம் அதைச் சுற்றியே நடந்தன. ஆனால் தமிழ்நாட்டு முஸ்லிம் பெண்களுக்குச் சொத்திலும் மணவிலக்கிலும் உரிமை கொடுத்த முக்கியமான சட்டங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டன. 1937, 1939, 1949 ஆகிய மூன்று ஆண்டுகளைப் பார்த்தால் போதும்.

1937க்கு முன்பும் நீதிமன்றங்கள் இஸ்லாமியச் சட்டத்தைப் பார்க்கத்தான் செய்தன. ஆனால் ஊர்வழக்கம் என்று ஒன்றை நிரூபித்துவிட்டால் பல இடங்களில் வழக்கம்தான் ஜெயிக்கும். பஞ்சாபில் இது மிகவும் மோசம். மகளுக்குப் பங்கு உண்டு என்று குர்ஆன் சொல்லியிருந்தும், நிலம் ஆண்வழியை விட்டுப் போகக்கூடாது என்ற வழக்கமே அங்கே சட்டமாக இருந்தது. (மலபார் மாப்பிள்ளைமார்களில் ஒரு பகுதியினர் நேர் எதிர். அவர்களிடம் சொத்து பெண்வழியில், மருமக்கத்தாய முறையில் போனது. அது வேறு கதை.)

இந்த வழக்கங்களை ஒதுக்கிவிட்டு ஷரீஅத்தையே சட்டமாக்க வேண்டும் என்று கேட்டவர்கள் யார் என்பதுதான் சுவாரஸ்யம். ஜம்இய்யத்துல் உலமா ஆலிம்களும் கேட்டார்கள், முஸ்லிம் பெண்கள் அமைப்புகளும் கேட்டார்கள். இரண்டு தரப்பும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான தருணம் அது. 1937இல் ஷரீஅத் சட்டம் வந்தது. வாரிசுரிமை, திருமணம், மஹர், ஜீவனாம்சம் என்று வரிசையாகச் சொல்லி, இவற்றில் எந்த வழக்கமும் செல்லாது என்றது. ஆனால் முக்கியமான அந்த இரண்டாம் பிரிவிலேயே அடைப்புக்குறிக்குள் ஒரு சிறு தொடர் இருந்தது. விவசாய நிலம் நீங்கலாக!

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்தது. மத்திய சட்டசபை அதில் கைவைக்க முடியாது. காரணம் சட்டப்படி சரிதான், நிலக்கிழார்களுக்கு வசதியாகவும் இருந்தது. அன்றைக்குக் கிராமத்தில் சொத்து என்றாலே நிலம்தானே. அதை விட்டுவிட்டு வாரிசுரிமை தந்தால், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதுதான்.

இரண்டு வருடம் கழித்து வந்த 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்தின் பின்கதை இன்னும் ஆழமானது. இந்தியாவில் பெரும்பாலான முஸ்லிம்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், கணவன் காணாமல் போனால் அவன் வயதை ஒத்தவர்கள் எல்லாம் இறக்கும்வரை மனைவி காத்திருக்க வேண்டும். அவனுக்கு 90 வயது ஆகும்வரை என்று கணக்கு சொன்ன அறிஞர்களும் உண்டு. சோறு போடாத கணவனிடமிருந்து விடுபடவும் வழி கிடையாது. எனவே சில பெண்கள், குறிப்பாகப் பஞ்சாபில், ஒரு குறுக்கு வழியைப் பிடித்தார்கள். மதம் மாறினால் திருமணம் தானாக முறியும் என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருந்ததால், மதம் மாறியதாக அறிவித்து வெளியே வந்தார்கள்.

இது ஆலிம்களை உலுக்கியது. தேவ்பந்த் மரபில் வந்த பெரிய அறிஞர் அஷ்ரஃப் அலி தானவி, 1930களின் தொடக்கத்தில் இதற்காகவே ஒரு நூல் எழுதினார். பெயர் 'அல் ஹீலத்துந் நாஜிஸா'. பெண்களைத் திட்டுவதற்குப் பதிலாக, அவர்கள் ஏன் அந்த முடிவுக்குப் போகிறார்கள் என்று பார்த்தார். ஹனஃபி மத்ஹபில் வழி இல்லையென்றால் மாலிகி மத்ஹபிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். மதீனாவில் இருந்த மாலிகி அறிஞர்களுக்கு எழுதி ஃபத்வாவும் வாங்கினார். 1939 சட்டத்தில் உள்ள 'நான்கு ஆண்டுகளாகக் கணவனைக் காணவில்லை' என்ற காரணத்துக்கு அடிப்படை அந்த மாலிகி கருத்துதான். இரண்டு ஆண்டுகள் ஜீவனாம்சம் தராதது, ஏழு ஆண்டு சிறைத்தண்டனை, கொடுமை என்று வேறு காரணங்களும் சேர்ந்தன. மதமாற்றம் மட்டுமே திருமணத்தை முறிக்காது என்றும் எழுதிவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் இதைப் படிக்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹப் அதிகம், உள்நாட்டில் ஹனஃபி அதிகம். செலவுக்குத் தர வழியில்லாத கணவனிடமிருந்து 'ஃபஸ்கு' கேட்கும் வழி ஷாஃபிஈ நூல்களில் ஏற்கெனவே உண்டு. ஆக ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு பெண்ணுக்குக் கொள்கையளவில் இருந்த வழி, திருச்சியில் இன்னொரு பெண்ணுக்கு 1939இல்தான் வந்தது.

ஆலிம்கள் கேட்ட ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட வழக்குகளை முஸ்லிம் நீதிபதிதான் விசாரிக்க வேண்டும் என்றார்கள். சட்டசபை ஏற்கவில்லை. அதனால் அந்த மசோதாவுக்கு வித்திட்டவர்களே கடைசியில் அதை எதிர்க்கும்படி ஆனது. தீர்ப்பு சொல்ல யாருக்கு அதிகாரம் என்ற அந்தக் கேள்வி அதோடு முடியவில்லை. காஜிகள் கொடுக்கும் தலாக் சான்றிதழை எதிர்த்து, முன்னாள் எம்.எல்.ஏ.வும் வழக்கறிஞருமான பதர் சயீத் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அந்தச் சான்றிதழ் காஜியின் கருத்து மட்டுமே, சட்ட மதிப்பு இல்லை என்று 2017 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னது.

நம்மூரில் சட்டக் கல்லூரி மாணவர் முஸ்லிம் சட்டத்தை முல்லா எழுதிய ஆங்கில நூலில் படிக்கிறார். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், தின்ஷா முல்லா ஒரு பார்சி. மதரஸா மாணவரோ ஹிதாயாவையும் ஃபத்ஹுல் முயீனையும் அரபியில் படிக்கிறார். இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வது அரிது. வண்டலூரில் கீழக்கரைக்காரரான பி.எஸ்.அப்துர் ரகுமான் 1984இல் தொடங்கிய கிரசென்ட் பொறியியல் கல்லூரி, இன்று பல்கலைக்கழக அந்தஸ்தோடு சட்டத்தையும் இஸ்லாமியவியலையும் ஒரே வளாகத்தில் சொல்லிக்கொடுக்கிறது. அந்த இரண்டு வகுப்பறைகளுக்கும் நடுவில் பேச எவ்வளவோ இருக்கிறது, முதலில் இந்த நிலக் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

சென்னை மாகாணம் 1949இல் 18ஆம் எண் சட்டத்தின் மூலம் அந்த அடைப்புக்குறித் தொடரை நீக்கியது. விவசாய நிலமும் ஷரீஅத் பங்கீட்டுக்குள் வந்தது. ஒருவர் 24 ஏக்கர் நஞ்சை விட்டு இறக்கிறார், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 ஏக்கர். மீதி 21இல் மகனுக்கு 14, மகளுக்கு 7. மகனில் பாதிதானே என்று வாதிடலாம், அந்த வாதம் நியாயமானதும்கூட. ஆனால் இதே குடும்பம் அன்றைய உத்தரப் பிரதேசத்தில் இருந்திருந்தால்? அங்கே 1950ஆம் ஆண்டின் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டத்தின் வாரிசு வரிசைப்படி மகன் இருக்கும்போது மகளுக்குப் பூஜ்யம். ஏழுக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த அடைப்புக்குறி. இந்து வாரிசுரிமைச் சட்டமே 1956இல்தான் வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கிடைக்க தமிழ்நாட்டில் 1989 வரை ஆனது.

காகிதத்தில் இருக்கும் 7 ஏக்கர் கைக்கு வருகிறதா என்பது அடுத்த கேள்வி. கல்யாணத்துக்குத்தான் நகையும் சீரும் செய்தாயிற்றே என்று சொல்லி, அக்கா தங்கைகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது எல்லா மதத்துக்கும் பொதுவான பழக்கம். வண்டலூர், கேளம்பாக்கம் பக்கம் நேற்றைய வயல்கள் எல்லாம் இன்று மனைகள். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும் திறந்தாயிற்று. செலவுக்குத் தருவது ஆணின் கடமை, அதனால்தான் அவனுக்கு இரண்டு பங்கு என்று ஆலிம்கள் விளக்குவார்கள். அப்படியானால் பங்கையும் எழுதி வாங்கிக்கொண்டு, செலவுக்கும் தராத அண்ணனைப் பற்றி ஜும்ஆ மேடைகளில் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே பேசலாம்.